சொல்லாமல் விட்ட வாக்கியம்

நம் வகுப்பறைகளில் வாசிப்பு 'ஆசிரியர் என்ன கூறுகிறார்?' என்ற கேள்வியோடு முடிந்துபோகிறது. எதைக் கூறாமல் விட்டு நம்மைச் சம்மதிக்க வைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இணங்கவைக்கும் பிரதியின் பலமே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. கேட்பவருக்குத் தெரிந்ததைப் பேச்சாளர் சொல்ல வேண்டியதில்லை, அவரே சேர்த்துக்கொள்வார் என்று அரிஸ்டாட்டில் கவனித்திருக்கிறார்.

இதற்கு மேற்கே மட்டும் போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த தர்க்கத்தை விளக்குகிறார். மலையில் தீ இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களை திட்டாந்தம். புகை உள்ள இடத்தில் தீ இருக்கும் என்ற விதிதான் ஏதுவையும் பக்கத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. அந்த விதிக்கு அடுக்களை சாட்சி.

மாணவர்களுக்கு நான் கொடுப்பது கீழ்வெண்மணி வழக்கு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுக்காகப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குக் கீழ்க்கோர்ட்டு தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் வைத்திருக்கும் செல்வந்தர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது, வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

இதைப் பலகையில் பிரித்து எழுதச் சொல்கிறேன். பக்கம்: இவர்கள் நேரில் போய்த் தீ வைக்கவில்லை. ஏது: இவர்கள் பணக்காரர்கள். நடுவில் என்ன? பிள்ளைகள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் யாராவது சொல்லிவிடுவார்கள்: "பணக்காரன் தன் கையால செய்யமாட்டான் சார்." அதுதான் சொல்லாமல் விட்ட வாக்கியம். அடுத்து கேட்கிறேன்: இதற்கு அடுக்களை எங்கே? இந்த விதியை எங்கே பார்த்து எடுத்தார்கள்? "எங்க ஊர்ல அவங்களேதான் வந்து அடிப்பாங்க" என்று ஒரு குரல் வந்தால் போதும், விதி ஆடிப்போகிறது.

இங்கே பிள்ளைகள் ஒரு தாவு தாவுவார்கள்: விதி உடைந்துவிட்டது, ஆகவே குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது. அதுவும் தப்பு. உடைந்தது ஒரு ஏது மட்டுமே. யார் செய்தார்கள் என்பதற்குச் சாட்சியங்களைத் தனியே எடைபோட வேண்டும். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஏதுப்போலியை விட்டுவைத்தால், அதிகாரத்தின் ஏதுப்போலியைத் தட்டிக்கேட்க நமக்கு வாய் ஏது?

ஆகவே தோழர்களே, நம் துண்டறிக்கைகளையும் இதே பலகையில் பிரித்து எழுதிப் பார்ப்போம். "இதுல நீங்க சொல்லாம விட்டது எது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் வைத்திருக்க வேண்டும்.