ஓடுபாதைக்கு அடியில் ஒரு புல்வெளி

இரண்டு உலகப் போர்களிலும் விமான தளமாக மாறிய ஸ்காட்லாந்து கோல்ஃப் மைதானம் மீண்டு வந்த கதையில், இடுக்கி மலைகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறுக்கு அருகே உள்ள சத்திரம் என்ற மலை முகட்டில் 2022 டிசம்பர் 1 அன்று ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. தேசிய மாணவர் படையினருக்குப் பயிற்சி தர அமைக்கப்பட்ட 650 மீட்டர் ஓடுபாதை அது. முதல் சில முயற்சிகளில் விமானத்தால் இறங்க முடியவில்லை. எதிரே இருந்த மண்மேடு இடைஞ்சலாக நின்றது. அந்த ஆண்டு ஜூலை மழையிலோ ஓடுபாதையின் ஒரு ஓரமே சரிந்து பள்ளத்தில் விழுந்தது. பெரியாறு புலிகள் சரணாலயம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வனத் துறையும் ஆட்சேபம் எழுப்பியது. இத்தனையையும் தாண்டித்தான் அந்த விமானம் தரையைத் தொட்டது.

மலைப் புல்லை வழித்துவிட்டு ஓடுபாதை போடுவதற்கு ஒரு உத்தரவும் சில புல்டோசர்களும் போதும். ஆனால் என்றைக்காவது ஓடுபாதை வேண்டாம் என்று ஆகிவிட்டால் பழைய புல்வெளியைத் திரும்பப் பெற முடியுமா? அந்தச் செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்விகளுக்கு முழு விடை சொல்லும் இடம் ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது.

இடுக்கிக்கும் ஸ்காட்லாந்துக்கும் உள்ள உறவு பழையது. மூணாறு மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய கண்ணன் தேவன் கம்பெனி 1897ல் உருவானபோது, அதன் பின்னணியில் இருந்தது கிளாஸ்கோ நகரத்தின் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம். தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மலை ஏறினார்கள். அவர்களை வேலை வாங்கிய துரைகள் தங்கள் ஊர் விளையாட்டையும் கையோடு கொண்டுவந்தார்கள். மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பின் கோல்ஃப் மைதானம் அந்தக் காலத்தின் மிச்சம். அந்தக் கிளாஸ்கோவிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கி.மீ. போனால், கடலை ஒட்டி வருகிறது டர்ன்பெரி.

கோல்ஃப் பிறந்ததே இப்படிப்பட்ட கடற்கரைகளில்தான். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணல் மேடுகளும் குட்டைப் புல்லும் நிறைந்த, உழவுக்கு ஆகாத தரை உண்டு. அதற்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். எவ்வளவு மழை பெய்தாலும் மணல் தண்ணீரை உறிஞ்சிவிடும். மேடு பள்ளங்கள் காற்று வகுத்தவை. மனிதன் வகுத்தவை அல்ல. ஆடுகள் மேய்ந்து புல்லைக் கட்டையாகவே வைத்திருந்தன. மனிதன் செய்ய வேண்டியிருந்தது, குழி தோண்டிக் கொடி நடுவது மட்டுமே. ஆகவே, லிங்க்ஸ் தரையை ஒருமுறை சமப்படுத்திவிட்டால் போவது புல் மட்டும் அல்ல. காற்றும் கடலும் பல நூற்றாண்டுகளாகச் செய்த வேலையும் சேர்ந்து போகிறது.

டர்ன்பெரியில் முதல் மைதானத்தை 1901ல் வில்லி ஃபெர்னி வடிவமைத்தார். 1906ல் ரயில் கம்பெனி அங்கே பாதை போட்டது. மைதானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய ஹோட்டலையும் கட்டியது. பணக்காரர்கள் கிளாஸ்கோவில் ரயில் ஏறினால் கோல்ஃப் மைதானத்தின் வாசலிலேயே இறங்கலாம். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

முதல் உலகப் போர் வந்ததும் ராணுவத்தின் கண் இந்த இடத்தின் மீது விழுந்தது. கடலோரம், திறந்த வெளி, அருகிலேயே ரயில். விமானத்திலிருந்து துப்பாக்கி சுடப் பழக்கும் பள்ளி ஒன்று இங்கே அமைந்தது. ஹோட்டல் ஆஸ்பத்திரியானது. அந்தக் காலத்து விமானங்கள் எடை குறைந்தவை. புல்தரையிலேயே ஏறி இறங்கின. அதனால் போர் முடிந்ததும் மைதானத்தைச் சீர் செய்வது பெரிய காரியமாக இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை வேறு. கப்பல்களை டார்பிடோ வீசித் தாக்கக் கற்றுத்தரும் பயிற்சி தளமாக டர்ன்பெரி மாறியது. கனமான விமானங்களுக்குப் புல்தரை போதாது. மணல் மேடுகள் தட்டிச் சமமாக்கப்பட்டன. பள்ளங்கள் நிரப்பப்பட்டன. மேலே கான்கிரீட் ஓடுபாதைகள் படுத்துக்கொண்டன. 1945ல் போர் ஓய்ந்தபோது, டர்ன்பெரியில் இனி கோல்ஃப் இல்லை என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பும் இல்லை. பிரிட்டனில் அப்போது உணவுப் பொருட்களுக்கே ரேஷன். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட ஆளும் பொருளும் போதவில்லை. இந்த நிலையில் பணக்காரர்கள் விளையாடும் மைதானத்துக்காக யார் கான்கிரீட்டை உடைப்பார்கள்?

உடைத்தே ஆக வேண்டும் என்று நின்றவர், ரயில்வே ஹோட்டல்களின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் ஹோல். அவருடைய வாதம் எளிமையானது. நிலத்தை எடுத்தது அரசாங்கம், உருமாற்றியதும் அரசாங்கம், எனவே பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஹோட்டலின் எதிர்காலமே மைதானத்தை நம்பி இருந்தது. நஷ்ட ஈடு கேட்டு அவர் விடாமல் மன்றாடினார், வாதாடினார். கடைசியில் பணம் வந்தது.

பணம் கிடைத்தாலும் காற்று வகுத்த மேடுகளை எங்கே போய் வாங்குவது? அந்த வேலை வடிவமைப்பாளர் மெக்கென்ஸி ராஸ் கைக்கு வந்தது. கான்கிரீட்டை உடைத்து அப்புறப்படுத்த வேண்டும். இறுகிப்போன அடித் தரையைக் கிளற வேண்டும். மண் கொட்டி, மேடுகளைப் புதிதாக எழுப்பி, அதன் மேல் புல் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் தரை எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பதற்கு ராஸ் களிமண் போன்ற பொருளில் சிறிய மாதிரிகள் செய்து கொடுத்தார். வேலையாட்கள் அவற்றைப் பார்த்துத் தரையை வடித்தார்கள். 1949ல் தொடங்கிய வேலை இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. 1951ல் ‘எய்ல்ஸா’ என்ற பெயரில் மைதானம் திறக்கப்பட்டது. எதிரே கடலில் துருத்தி நிற்கும் எய்ல்ஸா கிரெய்க் பாறைத் தீவின் பெயர் அது.

ராஸின் கைவேலை எத்தனை சுத்தம் என்பதை உலகம் 1977ல் பார்த்தது. பிரிட்டிஷ் ஓபன் போட்டி முதல்முறையாக டர்ன்பெரிக்கு வந்தது. அமெரிக்காவின் டாம் வாட்ஸனும் ஜாக் நிக்லஸும் கடைசி இரண்டு நாட்கள் ஜோடியாக ஆடினார்கள். வாட்ஸன் 65, 65. நிக்லஸ் 65, 66. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வாட்ஸனுக்குக் கோப்பை. கோல்ஃப் சரித்திரத்தில் இதற்கு இணையான ஆட்டம் இல்லை என்பவர்கள் இன்றும் உண்டு. அதே வாட்ஸன் 2009ல், தன் 59வது வயதில், இதே மைதானத்தில் மறுபடியும் கோப்பையைத் தொடும் தூரத்துக்கு வந்தார். கடைசிக் குழியில் சறுக்கி, பிளே ஆஃபில் ஸ்டுவர்ட் சிங்கிடம் தோற்றார்.

ஆனாலும் போர் முழுவதுமாக அங்கிருந்து போய்விடவில்லை. ஓடுபாதைத் துண்டுகள் இன்னமும் அங்கே கிடக்கின்றன. 12வது குழிக்கு அருகே மேட்டின் மீது ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. டர்ன்பெரியில் பயிற்சி பெற்று உயிர்விட்ட விமானப் படையினருக்கானது அது. பந்தைத் தேடி வருபவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டர்ன்பெரிக்குப் பின்னால் அரசாங்கப் பணம் இருந்தது. அது இல்லாத இடத்தில் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள சவுத் யூயிஸ்ட் தீவு இதற்கு உதாரணம். அங்கே ஆஸ்கெர்னிஷ் என்ற இடத்தில் 1891ல் புகழ்பெற்ற ஓல்ட் டாம் மாரிஸ் 18 குழி மைதானம் வகுத்தார். 1930களில் அந்தப் புல்வெளியின் ஒரு பகுதியில் பயணிகள் விமானங்கள் இறங்கின. மைதானம் சுருங்கியது. மாரிஸ் வகுத்த குழிகள் மணலுக்குள் மறைந்தன. 2005ல் புல்தரை நிபுணர் கோர்டன் இர்வின் அங்கே வந்து, மேடுகளில் நடந்து பார்த்து, பழைய மைதானம் இங்கேதான் இருந்திருக்கும் என்று அடையாளம் காட்டினார். மாரிஸின் வரைபடம் எதுவும் கையில் இல்லை. புல்டோசர் இல்லாமல், ரசாயனம் தெளிக்காமல், ஊர்க்காரர்களின் உழைப்பில் மைதானம் எழுந்தது.

ஆனால் அந்தப் புல்லுக்கு வேறு சொந்தக்காரர்களும் இருந்தார்கள். 1851ல் அந்தத் தீவிலிருந்து ஏராளமான குடியானவர்களை அன்றைய ஜமீன்தார் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். எஞ்சியவர்களின் வாரிசுகள் இந்தக் கடலோரப் புல்லை மேய்ச்சல் நிலமாக அனுபவித்து வந்தார்கள். 2006ல் தீவு மக்களே கூட்டாகப் பண்ணை நிலம் முழுவதையும் விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய கையோடு பிரச்சினை வெடித்தது. கோல்ஃப் வந்தால் வருமானம் என்றது ஒரு தரப்பு. எங்கள் மேய்ச்சல் உரிமை என்ன ஆவது என்று கேட்டு மறுதரப்பு கோர்ட்டுக்குப் போனது. 2008 ஆகஸ்டில் மைதானம் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஆடு மாடுகள் அங்கே மேய்கின்றன.

டர்ன்பெரியின் சமீப காலக் கதையும் உரிமையாளரைச் சுற்றியதுதான். 2014ல் டொனால்டு டிரம்ப் அதை வாங்கினார். மார்ட்டின் எபர்ட் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு மைதானத்தைத் திருத்தி, 2016ல் திறந்தார். திருத்தங்களை விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் 2009க்குப் பிறகு ஓபன் போட்டி அங்கே நடக்கவில்லை. கவனம் ஆட்டத்தின் மீது இருக்காது என்று கருதிய போட்டி நிர்வாகம், அங்கே ஓபனை நடத்தும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்று 2021 ஜனவரியில் சொல்லிவிட்டது. இரண்டு போர்களைத் தாங்கிய புல், சொந்தக்காரரின் அரசியலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

டர்ன்பெரி மீண்டதற்கு மூன்று காரணங்கள். நிலத்தை எடுத்தவர்களிடமே செலவைக் கேட்க ஒருவர் இருந்தார். கேட்டால் கொடுக்க ஒரு கஜானா இருந்தது. அடியில் மணல் இருந்தது. தட்டிச் சமமாக்கினாலும் மணலை மறுபடி குவிக்கலாம். இடுக்கியில் அடியில் இருப்பது மணல் அல்ல. மழையில் ஊறி இளகும் மலை மண். சத்திரத்தில் 2022ல் சரிந்தது அதுதான். ஓடுபாதையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். சரிந்து பள்ளத்துக்குப் போன மலையைத் தூக்கி நிறுத்த ஒரு மெக்கென்ஸி ராஸ் போதாது.