தனித்தனிக் கணினித் திட்டங்களுக்கிடையே தகவல் பரிமாற்றம்

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் (2022ஆம் ஆண்டுக்கு முன்னர் சித்தூர் மாவட்டம்) பிச்சாட்டூரில் ஆரணியாற்று நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. அதன் முழு நீர்மட்டம் 281 அடி. கொள்ளளவு ஏறக்குறைய 185 கோடி கன அடி. வடகிழக்குப் பருவமழையில் தேக்கம் நிரம்பி மதகுகள் திறக்கப்படுங்கால், உபரி நீர் சுருட்டப்பள்ளியைக் கடந்து, தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டை வழியாகச் சென்று, பழவேற்காட்டின் அருகே கடலை அடைகிறது. ஆகவே, மதகு திறக்கும் செய்தி முன்கூட்டியே திருவள்ளூர் மாவட்டத்தினருக்கு எட்டுதல் இன்றியமையாதது. ஓரிடத்தில் அளந்த எண், பிறிதோரிடத்தில் உள்ளோருக்குப் பிழையின்றியும் காலம் தாழாமலும் கிடைத்தாலன்றி, அளந்ததால் பயனில்லை.

கட்டட அமைப்பு வேலைக்குப் பயன்படும் கணினித் திட்டங்களுக்கும் இந்நியதி பொருந்தும். கிராஸ்ஹாப்பர், டைனமோ போன்ற மென்பொருள்களில் கட்டளைகளை எழுத்தால் எழுதுவதில்லை. ஒவ்வொரு கணக்கும் திரையில் ஒரு கட்டமாக வரையப்படுகிறது. ஒரு கட்டத்தின் விடை, கம்பி போன்ற கோட்டின் வழியே அடுத்த கட்டத்துக்குச் செல்கிறது. தொடக்கத்தில் உள்ள அளவை மாற்றினால், அதைச் சார்ந்த வடிவம் முழுவதும் தானே மாறிவிடும். ஆனால் பெரிய வேலைகளில் ஒரே திட்டம் போதுவதில்லை. பலர் பல திட்டங்களைத் தனித்தனியே தயாரிக்கின்றனர். கம்பியோ ஒரு திட்டத்தின் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தகவலைக் கொண்டு செல்வது எவ்வாறு என்பதே கேள்வி.

ஆற்றுப்பாலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் திட்டம் ஆற்றின் குறுக்குவெட்டைக் கொண்டு உச்ச வெள்ளமட்டத்தைக் கணக்கிடுகிறது. இரண்டாவது திட்டம் பாலத்தை வடிவமைக்கிறது. வெள்ளமட்டம் 40.20 மீட்டர் என்றும், பாலத்தின் அடிப்பகுதி அதற்கு மேல் 1.20 மீட்டர் இடைவெளியில், அதாவது 41.40 மீட்டரில் இருத்தல் வேண்டும் என்றும் கொள்வோம். பின்னர் புதிய மழை அளவுகள் சேர்க்கப்பட்டு வெள்ளமட்டம் 40.90 மீட்டர் எனத் திருத்தப்படுகிறது. முதல் எண்ணைக் கையால் எழுதி எடுத்திருந்தால், இரண்டாவது திட்டம் பழைய எண்ணையே வைத்திருக்கும். இடைவெளி 50 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். எனினும், திரையில் பிழை எதுவும் தோன்றாது.

இதைத் தவிர்க்கும் முறை, தகவலைப் பொதுவான கோப்பு ஒன்றில் வைப்பதாகும். கிராஸ்ஹாப்பரில் தகவலைக் கோப்பில் எழுதும் கட்டம் ஒன்றும், படிக்கும் கட்டம் ஒன்றும் உள்ளன. முதல் திட்டம் எழுதுகிறது. இரண்டாவது திட்டம் படிக்கிறது. கோப்பு மாறியதும் படிக்கும் கட்டம் புதிய எண்ணை ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் ஒவ்வொரு சிறு மாற்றமும் உடனுக்குடன் கீழே பாய்வது எப்போதும் விரும்பத்தக்கதன்று. முதல் திட்டத்தில் ஒருவர் அளவுகளைச் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் மற்றத் திட்டம் மீண்டும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். முடிவாகாத எண்களும் அதனுள் புகும். இதற்கென ஒரு கட்டம் உண்டு. அதன் பெயரே ‘தகவல் அணை’ என்று பொருள்படும். வரும் தகவலை அது தேக்கி வைத்து, பணியாளர் விரும்பும்போது மட்டும் வெளிவிடுகிறது. மதகைப் போலவே, இதைத் திறப்பவர் கீழே உள்ளவருக்கு அறிவித்துத் திறத்தல் வேண்டும். திறக்க மறந்தால் பழைய எண்ணே தொடரும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

எண்ணுடன் அதன் அலகும் செல்லுதல் வேண்டும். 281 அடி என்பது ஏறக்குறைய 85.65 மீட்டர். வெறும் 281 என்று மட்டும் அனுப்பினால், பெறும் திட்டம் அதை மீட்டர் என்றே கொள்ளக்கூடும். 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் செவ்வாய்க் கோள் ஆய்வுக்கலம் ஒன்று இத்தகைய பிழையால் அழிந்தது. ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்ற மற்றொன்று நியூட்டன் அலகு எனக் கருதியது. ஒவ்வொரு திட்டமும் தன்னளவில் சரியாகவே கணக்கிட்டது. பிழை நேர்ந்தது இரண்டுக்கும் இடைப்பட்ட வழியில்.

வரிசையும் கவனிக்கத்தக்கது. ஆற்றின் பத்து இடங்களில் எடுத்த மட்டங்களை அனுப்பும்போது, ஒன்று விடுபட்டால் அதற்கடுத்தவை யாவும் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும். ஒவ்வொரு மட்டத்தோடும் இடத்தின் பெயரை எழுதி அனுப்பினால் இக்குறை நேராது.

ஆசிரியர்கள் இதைக் கணினியின்றியே வகுப்பில் விளக்கலாம். மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு அறையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து கரும்பலகையில் எழுதட்டும். மற்றக் குழு அதைக் கொண்டு தரைக்கு வேண்டிய கற்களைக் கணக்கிடட்டும். பின்னர் அறிவிப்பின்றி ஓர் அளவைத் திருத்துக. பலகையைப் பார்த்துக் கணக்கிடுவோர் சரியான விடையையும், முன்பே குறித்து வைத்துக்கொண்டோர் பழைய விடையையும் தருவர். களப்பணியாளர்களுக்கும் பாடம் இதுவே: எண், அலகு, இடம், நாள் ஆகிய நான்கையும் ஒன்றாக எழுதுக; ஒரே இடத்தில் எழுதுக; திருத்தினால் அங்கேயே திருத்தி, அதைப் பயன்படுத்துவோருக்குத் தெரிவிக்குக.