"எனக்கு மேத்ஸ் வராது": யாரோட ஒப்பிட்டு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

ஒரு கற்பனையோட ஆரம்பிக்கலாம். சோழவரத்துல ஒரு பொண்ணு. பத்தாவது வரைக்கும் கணக்குல கிளாஸ் ஃபர்ஸ்ட். பதினொண்ணாவதுக்கு, மாவட்டம் முழுக்க நல்லா படிக்கிற பிள்ளைங்களாத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஒரு பள்ளிக்குப் போறா. ரெண்டே மாசத்துல வீட்டுக்கு போன்: "அம்மா, எனக்கு மேத்ஸ் வராதும்மா."

அவ திறமை குறைஞ்சிடுச்சா? இல்லை. சுத்தி இருக்கிறவங்கதான் மாறியிருக்காங்க.

தன்னைப் பத்தி ஒருத்தர் மனசுல வெச்சிருக்கிற கணிப்புக்குப் பேர் செல்ஃப் கான்செப்ட். தமிழ்ல தற்கருத்து. இதைக் கேள்வித்தாள் வெச்சு அளப்பாங்க. "கணக்கு எனக்குச் சீக்கிரம் புரியும்" மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும். அது உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்னு 1லேர்ந்து 5 வரைக்கும் ஒரு எண்ணைக் குறிக்கணும். கேட்க சுலபம்தான். ஆனா, "நான் கணக்கில் மோசமில்லை"ன்னு போட்டிருந்தா? அதுக்கு ஒரு குழந்தை "இல்லை"ன்னு டிக் அடிச்சா என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைங்க இந்த எதிர்மறை வாக்கியங்கள்ல தடுமாறுறாங்கன்னு ஆய்வுகள்லயே தெரிய வந்துச்சு.

1976ல ரிச்சர்ட் ஷாவெல்சன் குழு ஒரு மாடல் கொடுத்தாங்க. பிரமிட் மாதிரி: உச்சியில பொதுவான தற்கருத்து, அதுக்குக் கீழே படிப்பு, பழகுறது, உணர்ச்சி, உடல். படிப்புக்குக் கீழே ஒவ்வொரு பாடமும். அழகான படம். ஆனா டேட்டா ஒத்துக்கணுமே!

ஆஸ்திரேலியாவுல ஹெர்பர்ட் மார்ஷ் இதைச் சோதிச்சுப் பார்த்தார். மொழிப்பாடத்துல நல்ல மார்க் வாங்குறவங்க பெரும்பாலும் கணக்குலயும் வாங்குறாங்க. ஆனா "எனக்கு மொழி வரும்", "எனக்குக் கணக்கு வரும்"ங்கிற ரெண்டு நம்பிக்கைக்கும் நடுவுல கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை! அதனால 1985ல மாடலையே திருத்தினாங்க. படிப்புங்கிற ஒரே பெட்டி, மொழி, கணக்குன்னு ரெண்டாப் பிரிஞ்சுது.

ஏன் இப்படி? நாம ரெண்டு விதமா ஒப்பிடுறோம்ங்கறார் மார்ஷ். ஒண்ணு, பக்கத்து பெஞ்சோட. இன்னொண்ணு, நம்மளோட மத்த பாடங்களோட. தமிழ்ல 95, கணக்குல 80 எடுத்தா, அந்த 80 நமக்கு மட்டமாத் தெரியும்.

பக்கத்து பெஞ்ச் விஷயத்துக்கு அவர் வெச்ச பேர் 'சின்னக் குளத்துப் பெரிய மீன்'. நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, சோழவரம் ஏரி 1,081 மில்லியன் கன அடி, புழல் 3,300. கால்வாய் வழியா அங்கே போன மீன் இளைக்கலை, ஏரிதான் பெருசாயிடுச்சு. 2003ல மார்ஷும் கிட்-டாய் ஹாவும் 26 நாடுகள்ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோட டேட்டாவை அலசினாங்க. ஒரே திறமை உள்ள ரெண்டு பேர்ல, கெட்டிக்காரங்க நிறைஞ்ச பள்ளியில இருக்கிறவரோட தற்கருத்து சராசரியாக் குறைவாவே இருந்துச்சு.

அதுக்காக நல்ல பள்ளிக்குப் போகாதீங்கன்னு சொல்லலை. ஆனா அந்தப் பொண்ணு இந்த ஒரு உணர்வை நம்பி இன்ஜினியரிங் அப்ளிகேஷனே போடாம விட்டுட்டா, அது நிஜமான இழப்பு.

அதனால உங்க தம்பியோ தங்கச்சியோ "எனக்கு வராது"ன்னு சொன்னா, அட்வைஸ் வேண்டாம். "யாரோட ஒப்பிட்டுச் சொல்ற?"ன்னு கேளுங்க. அப்புறம் போன வருஷ நோட்டையும் இந்த வருஷ நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க.