தங்கவயல் செய்தி நம்மைத் தேடி வரும், தெரியுமா?

மாரிக்குப்பத்தில் விடியும் முன்பே ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறோம். கையில் கைபேசி இருக்கிறது. ஆனால் ஊர்ச் செய்தி எப்படி வருகிறது? யாரோ தள்ளிவிட்ட வாட்ஸ்அப் தகவலாக, தேதியில்லாமல், தலையும் வாலும் இல்லாமல்! 2001 பிப்ரவரி 28-இல், நம் தங்கச் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட நாளிலிருந்து "சுரங்கம் திறக்கப் போறாங்களாம்" என்ற பேச்சை எத்தனை முறை கேட்டுவிட்டோம்! எது செய்தி, எது புரளி என்று நாமே பார்த்துக்கொள்ள இலவசமான வழிகள் இருக்கின்றன. அவற்றின் பின்னால் இருக்கும் அதிசயங்கள் கொஞ்சநஞ்சமல்ல!

சென்னையில் படித்தவர் தொடங்கி வைத்தார், தெரியுமா?
இணையதளங்களில் புதிதாக வந்ததை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் முறைக்குச் செய்தியோடை என்று பெயர். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. உருவாக்கிய இருவரில் ஒருவர் ஆர்.வி.குஹா. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர்!

பதினான்கு வயதுப் பையன் பங்கெடுத்தான், தெரியுமா?
2000 டிசம்பரில் வெளியான செய்தியோடையின் மற்றொரு வடிவத்தை வகுத்த குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14!

ஓடைக்குள் முக்கியமாக இருப்பது நான்கே சங்கதி, தெரியுமா?
தலைப்பு, சுட்டி, சிறு சுருக்கம், வெளியான நேரம். அவ்வளவுதான்! ஃபீட்லி, ஐனோரீடர் போன்ற செயலியில் ஓடையின் முகவரியை ஒருமுறை சேர்த்தால் போதும். அந்தச் செயலி அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக வந்ததை எடுத்து வந்து வரிசையாக அடுக்கிவிடும். பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. 'தி இந்து' நாளிதழின் கர்நாடகப் பகுதிக்குத் தனி ஓடையே உண்டு. யூடியூப் சானல்களுக்கும் உண்டு. நாம் கேட்கும் பாட்காஸ்ட் நம்மை வந்தடைவதும் இதே ஓடை வழியாகத்தான்!

தமிழர்கள் செய்தியோடையை 2004-லேயே கையில் எடுத்தார்கள், தெரியுமா?
காசி ஆறுமுகம் அந்த ஆண்டு தொடங்கிய 'தமிழ்மணம்', உலகெங்கும் தமிழில் எழுதியவர்களின் ஓடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் கொட்டியது. கோவையில் எழுதியதையும் கொழும்பில் எழுதியதையும் டொராண்டோவில் எழுதியதையும் ஒரே மூச்சில் படித்தார்கள்!

ஒரு சொல்லைக் காவலுக்கு நிறுத்தலாம், தெரியுமா?
2003-இல் வந்தது கூகுள் அலர்ட்ஸ். உருவாக்கியவர் ஆந்திரக் கிராமம் ஒன்றில் பிறந்த நாகா கடாரு. பெட்டியில் சொல்லை எழுதுங்கள். உடனுக்குடன் வேண்டுமா, நாளுக்கு ஒரு முறையா, வாரத்துக்கு ஒரு முறையா என்று தேர்ந்தெடுங்கள். அந்தச் சொல்லோடு புதிதாக எது கூகுளின் கண்ணில் பட்டாலும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். மின்னஞ்சல் வேண்டாம் என்றால் ஓடையாகவே வாங்கிக்கொள்ளலாம்!

'கே.ஜி.எஃப்' என்று போட்டால் யஷ் வந்து நிற்பார், தெரியுமா?
2018-லும் 2022-லும் அவர் நடித்து 'கே.ஜி.எஃப்' என்ற பெயரில் வந்த இரண்டு படங்கள் நம் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோயின. பெருமைதான். ஆனால் சாம்பியன் ரீஃப் செய்தி தேடுகிறவருக்குப் படச் செய்தியே வந்து குவிகிறது! இதற்கும் வழி இருக்கிறது. சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தத் தொடரையே தேடும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அது கழிந்துவிடும். 'கே.ஜி.எஃப்' போட்டு, பக்கத்தில் கழித்தல் குறியோடு 'யஷ்' போட்டுப் பாருங்கள். பாதிக் கூட்டம் கலைந்துவிடும்!

தமிழில் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். 'தங்கவயல்' என்று சேர்த்தும் எழுதுகிறார்கள், 'தங்க வயல்' என்று பிரித்தும் எழுதுகிறார்கள். 'தங்கவயலில்' என்று உருபு ஒட்டினால் தேடல் அதை வேறு சொல்லாகவும் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே எல்லா வடிவத்தையும் தனித்தனியாகப் பதியுங்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்று ஒன்று போடுங்கள். நம் ஊர்ச் செய்தி மூன்று மொழியிலும் வருகிறதே!

இரைச்சலை வடிகட்டுவதில் நம் ஊர் உலகத்துக்கே வழிகாட்டி, தெரியுமா?
1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளோடு சேர்ந்து கருவிகளை வைத்தார்கள். விண்ணிலிருந்து கொட்டும் மற்ற துகள்களில் பெரும்பாலானவற்றை நம் பாறை தடுத்து நிறுத்தியது. எளிதில் எதற்கும் நிற்காத நியூட்ரினோவின் தடம் கருவியில் பதிந்தது! காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ உலகில் முதன்முதலாகச் சிக்கிய இரண்டே இடங்களில் ஒன்று நம் ஊர். மற்றொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கம். தேவையில்லாததைத் தடுத்தால்தான் தேவையானது தெரியும் என்பதை நம் பாறை அன்றே காட்டிவிட்டது!

பட்டியலைக் கையோடு எடுத்துப்போகலாம், தெரியுமா?
லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. ஆனால் ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பாக இறக்கி வைத்திருந்தவர்கள் வேறு செயலிக்குக் குடிபெயர்ந்து, அதே ஓடைகளைத் தொடர்ந்து படித்தார்கள். நீங்களும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்!

கைபேசி தானாகவே அலறும், தெரியுமா?
2023 அக்டோபரில் கர்நாடகத்தில் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? அது பேரிடர் எச்சரிக்கைக்கான ஒத்திகை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளத்திலும் மழை, இடி, வெள்ள எச்சரிக்கைகளைப் பார்க்கலாம்.

இவ்வளவும் எதற்கு? 2024 ஜூனில், நம் 13 சயனைடு மண்மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் ஆயிரம் ஏக்கர் நிலம் அது. அந்தத் தூசியைச் சுவாசித்து வாழ்கிறவர்கள் நாம். நம் வீட்டு வாசலில் நடக்கப்போவது நமக்கே கடைசியாகத் தெரியலாமா?

இன்று இரவே மூன்று சொற்களைப் பதிந்துவிடுங்கள்: 'தங்கவயல்', 'பாரத் கோல்டு மைன்ஸ்', உங்கள் பேட்டையின் பெயர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் பதிந்து கொடுங்கள். அடுத்த முறை "சுரங்கம் திறக்கப் போறாங்களாம்" என்று யாராவது சொன்னால், தேதியோடு பதில் சொல்லுங்கள்!