கல்லுப்பும் கழுத்துக் கழலையும்

முன்கழுத்துக் கழலை இமயமலைப் பக்கத்து நோய், கடலை ஒட்டி வாழும் நமக்கு அந்தக் கவலை எதற்கு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஊறிப்போயிருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பில் இல்லாத அயோடினா? கணக்குப் போட்டால், இல்லைதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடின் 50, 60 மைக்ரோகிராம்தான். அத்தனையும் உப்போடு வந்து சேர்ந்தாலும், நாளுக்கு 10 கிராம் உப்பு சாப்பிடுபவருக்கு 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். பெரியவர்களின் தேவை 150. பாத்தியில் உப்பு விளையும்போது அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதி போய்விடுகிறது. 2018-19 தேசியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் சேர்த்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. இத்தனை உப்பு விளையும் மாநிலம் அதில் கடைசி வரிசையில் நின்றது.

அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் இல்லை. பற்றாக்குறை நீடித்தால், கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளச் சுரப்பி வீங்குகிறது, அதுதான் கழலை. இமயமலைப் பக்கத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு கிடைத்த பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே கழலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் கழலை கண்ணுக்குத் தெரிகிற சேதம் மட்டுமே. கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் ஹார்மோனையே நம்பி வளர்கிறது. அப்போது ஏற்படும் குறையைப் பின்னால் எந்த மாத்திரையாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. கழுத்து வீங்கவில்லையே என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

அயோடின் கூடினாலும் தைராய்டு கெடும் என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, மிகையானால் கெடும்தான். எவ்வளவு மிகை என்பதே கேள்வி. கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிராம் உப்பில் உச்சபட்சம் 300 மைக்ரோகிராம். ஐரோப்பிய வல்லுநர்கள் பெரியவர்களுக்கு வகுத்த மேல்வரம்போ 600. இன்று தைராய்டு மாத்திரை சாப்பிடும் பலருக்கும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. சாதா உப்புக்கு மாறுவதால் அது குணமாவதில்லை. எதை உண்பது என்பதில் அரசு கட்டாயப்படுத்தலாமா என்ற வாதமும் எழுந்தது. அயோடின் கலக்காத உண்ணும் உப்பின் மீதான தடை 2000இல் நீங்கி, 2005இல் திரும்பி வந்தது. தன் தட்டைப் பொறுத்தவரை அந்த வாதம் நியாயமானதுதான். ஆனால் கருவிலிருக்கும் குழந்தை எந்த உப்பையும் தேர்ந்தெடுப்பதில்லை. கல்லுப்பு போட்டால்தான் குழம்பு ருசிக்கும் என்பவர்களுக்கு அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. ஈரம் படாமல் மூடிவைத்தால் போதும்.