பிரட் தூள் போர்த்திய பன்றிக்கறி

பூண்டிலும் வினிகரிலும் ஊறிய பன்றிக்கறி புதுச்சேரிக்குப் பழசு. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் ஆயிற்றே! கறியை முட்டையில் தோய்த்து, பிரட் தூளில் புரட்டிப் பொரிப்பதும் இங்கே புதிதல்ல. வீட்டில் செய்வதானால் ரஸ்க்கை மிக்ஸியில் பொடித்தாலே போதும். சாப்பிட்டபின் வயிறு கனத்தால் பன்றியைத் திட்டுகிறோம். அந்தப் பழியில் பாதி அதற்குரியதல்ல.

கொழுப்பு நீக்கிய முதுகுச் சதை, பச்சையாக 100 கிராமில், ஏறத்தாழ 140 கலோரி, 21 கிராம் புரதம், 6 கிராம் கொழுப்பு. அதே பன்றியின் வயிற்றுப் பகுதி 500 கலோரியைத் தாண்டும், பாதி கொழுப்புதான். கடைக்காரர் கத்தி வைக்கும் இடமே முதல் கணக்கு.

சோறு தின்னும் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. தயமின் என்னும் பி1 வைட்டமின், கோழியைவிடப் பன்றிக்கறியில் பல மடங்கு அதிகம். தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும், புழுங்கலரிசியில் ஓரளவு தங்கும். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்ததைக் கவனித்துத்தான் மருத்துவர் எய்க்மன், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயின் காரணத்தை நெருங்கினார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றில் கனம் வருவது பிரட் தூள் மேலோட்டிலிருந்து. 20 கிராம் பிரட் தூள் 80 கலோரி. அது குடிக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றாலும் 120 கலோரிக்கு மேல். 140 என்று தொடங்கியது 340 ஆகிவிடுகிறது.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது? பொரியும்போது கறியின் ஈரம் ஆவியாகிச் சீறி வெளியேறுவதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. வாணலியிலிருந்து எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. மேலே ஒட்டிய எண்ணெயைத் துளைகள் அப்போதுதான் உறிஞ்சுகின்றன. எனவே எடுத்த உடனே கம்பித் தட்டில் வடிய விட்டு, தாளில் ஒற்ற வேண்டும். ஆறியபின் ஒற்றிப் பயனில்லை. 170-180 டிகிரி சூடு தேவை. சூடு குறைந்தால் ஓடு இறுகாது, எண்ணெய்தான் ஊறும்.

ஓடு சிவந்தாலும் நடுக்கறி வேகாமல் இருக்கலாம். அரைவேக்காட்டுப் பன்றிக்கறி நாடாப்புழுவுக்கு வழி. மெல்லியதாக வெட்டித் தட்டிப் பொரியுங்கள். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள்: அதில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.