அம்மாவுக்குக் கேட்ட மருந்து மகளுக்கும் கேட்குமா?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பார்கள். மூக்கும் முழியும் அம்மாவைப் போல, நடையும் சிரிப்பும் அம்மாவைப் போல என்று நாலு பேர் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பெருமை இருக்காது! ஆனால் இந்தப் பெருமை சில வீடுகளில் மருந்துப் பெட்டி வரைக்கும் போய்விடுகிறது. அங்கேதான் சிக்கல்.

"எனக்கும் ரத்தம் கம்மி, இவளுக்கும் கம்மி. எனக்கும் பத்து நாளைக்கு நிக்காது, இவளுக்கும் அப்படித்தான். அதான் நீங்க எனக்குக் கொடுத்த மருந்தையே இவளுக்கும் கொடுத்தேன் சார்." கள்ளக்குறிச்சியில் என்னைப் பார்க்க வரும் தாய்மார்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். டவுனில் ஆபீஸ் போகிறவரும் சொல்கிறார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவரும் சொல்கிறார்.

எது நிஜமாகவே அம்மாவிடமிருந்து வந்தது, எது வந்த மாதிரி தோன்றுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், உங்கள் மகளுக்கு நீங்களே பாதி வைத்தியர்.

அம்மா தந்த சீதனம்

மகளின் உடம்பில் பாதி அம்மா, பாதி அப்பா. அவளுடைய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. ஆனால் ஒரு சொத்து அம்மா வழியில் மட்டும்தான் வருகிறது. உயிரணுக்களுக்குள் இருந்துகொண்டு சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புதான் அது. உங்கள் அம்மா உங்களுக்குக் கொடுத்தார். நீங்கள் மகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். வயசுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். அப்படியானால், உங்கள் மகளாகப் பிறந்த முட்டை உங்கள் அம்மாவின் வயிற்றில் நீங்கள் கருவாக இருந்தபோதே தயாராகிவிட்டது! பேத்திக்கும் பாட்டிக்கும் உள்ள ஒட்டுதலுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அப்பா, அம்மா இருவரின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, 13 கழித்து, இரண்டால் வகுத்தால் மகளின் உத்தேச உயரம் கிடைக்கும். அப்பா 165, அம்மா 152 என்றால் மகள் சுமார் 152. எட்டு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். சத்தான சாப்பாடு இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

வயசுக்கு வருவதிலும் அம்மாவின் சாயல் இருக்கும். நீங்கள் சீக்கிரம் ஆளானவர் என்றால் மகளும் அப்படி ஆகலாம். அதற்காக எல்லாவற்றையும் 'எங்க வீட்டு வாகு' என்று விட்டுவிடக் கூடாது. எட்டு வயது முடியும் முன்பே மார்பு வளர ஆரம்பித்தாலோ, 15 வயது முடிந்தும் பூப்படையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கை ஒன்று, பருவம் வேறு

சித்த மருத்துவத்தில் ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் நாடி பார்ப்பது மரபு. அம்மாவும் மகளும் நீட்டுவது ஒரே கைதான். ஆனால் பருவம் ஒன்றல்ல. மனித ஆயுளை மூன்று பங்காக்கி, முதல் 33 ஆண்டு வாத காலம், அடுத்த 33 பித்த காலம், கடைசிப் பங்கு கப காலம் என்று வகுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயது மகள் வாத காலத்தில் இருக்கிறாள். நாற்பதைத் தாண்டிய அம்மா பித்த காலத்தில் இருக்கிறார். இருவருக்கும் பிறவி உடற்கூறு ஒன்றாக இருந்தாலும், காலம் வேறாக இருப்பதால் மருந்தும் அளவும் துணைமருந்தும் மாறும். தேனில் கொடுப்பதா, நெய்யில் கொடுப்பதா, மோரில் கொடுப்பதா என்பதுகூட ஆளைப் பார்த்துத்தான்.

தொடக்கமும் முடிவும்

மாதவிலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பூப்படைந்த முதல் இரண்டு, மூன்று வருடங்களில் முட்டை ஒழுங்காக வெளியேறும் முறை அமைந்திருக்காது. அதனால் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். அம்மாவுக்கோ நாற்பதுகளின் நடுவில் அந்த முறை தளர ஆரம்பிக்கிறது. அப்போதும் தேதி தவறும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே பார்த்தால் ஒருத்திக்குக் கடை திறக்கிறது, இன்னொருத்திக்குக் கடை மூடுகிறது. ஒரே கஷாயத்தை எப்படிக் கொடுப்பது?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. "எங்க அம்மாவுக்கும் பத்து நாள், எனக்கும் பத்து நாள், இவளுக்கும் பத்து நாள்" என்று சில தாய்மார்கள் நிம்மதியாகச் சொல்வார்கள். தயவுசெய்து அதில் நிம்மதி அடையாதீர்கள். ஏழு நாளுக்கு மேல் போவது, மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது இயல்பு இல்லை. ரத்தம் உறையும் தன்மையில் உள்ள பரம்பரைக் குறைபாடு அம்மாவிடமிருந்து மகளுக்கு வரக்கூடியது. வீட்டில் எல்லோருக்கும் இருப்பதாலேயே யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாவது, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, லேசாக இடித்தாலே நீலம் பாய்வது ஆகியவையும் இருந்தால், தாயும் மகளும் சேர்ந்தே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சோகை பரம்பரையா, அடுப்படியா?

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 19 வயதுக்குள் இருக்கும் பெண்களிலும் பாதிப்பேருக்கு மேல் இதே கதைதான். அம்மாவும் மகளும் சேர்ந்து வெளுத்திருப்பதற்குப் பெரும்பாலும் பரம்பரை காரணம் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே தட்டு.

மலையில் பாட்டி சாமையும் தினையும் கேழ்வரகும் தின்று வளர்ந்தார். பேத்திக்கு மூன்று வேளையும் அரிசி. டவுனிலும் அப்படியே. நூறு கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து; கேழ்வரகில் நாலரைக்கு மேல்; தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை. அதோடு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவின் பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இது ரத்தத்தில் வந்தது இல்லை, பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஆனாலும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டியோ மூலமோ இருக்கலாம். மகளுக்குக் குடற்புழு இருக்கலாம், வளரும் வேகத்துக்குச் சாப்பாடு போதாமல் இருக்கலாம். 12 வயதுக்கு மேல் இருவருக்குமே ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். குறைந்தால் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். சரியாக மருந்து சாப்பிட்டும் இரண்டு, மூன்று மாதத்தில் ஏறவில்லை என்றால் தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரைக் கோளாறு உண்டா என்று சோதிக்க வேண்டும். தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகளுக்காக 2023 ஜூலையில் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மலை ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பரிசோதனைக்குத் தயங்க வேண்டாம்.

நம் மலைக் கடுக்காய்

கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைகளில் தனி மதிப்பு. தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் மற்ற சில நிறுவனங்களும் சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்தில் 2,648 வளரிளம் பெண்களிடம் ஒரு மருந்துத் திட்டத்தைச் செய்து பார்த்தன. முதலில் கடுக்காய்ச் சூரணத்தால் பூச்சி நீக்கம். பிறகு 45 நாள் அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம். ரத்த அளவு கூடியது, களைப்பும் தலைவலியும் முடி உதிர்வதும் குறைந்தன என்று முடிவு வெளியானது. கவனியுங்கள்: இது அந்த வயதுப் பெண்களுக்கென்று அளவு வைத்து, மேற்பார்வையில் கொடுத்தது. அன்னபேதிச் செந்தூரம் இரும்பு மருந்து. கடையில் கேட்டு வாங்கி, கைக்கு வந்த அளவில் கொடுக்கும் பண்டம் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை

* உங்கள் தைராய்டு மாத்திரையைப் பாதியாக உடைத்து மகளுக்குக் கொடுக்காதீர்கள். தைராய்டு கோளாறு அம்மா வழியில் வரலாம். ஆனால் அவளுக்கு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

* கர்ப்ப காலத்தில் மிஞ்சிய இரும்பு மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். சின்னக் குழந்தை மிட்டாய் என்று தின்றால் உயிருக்கே ஆபத்து.

* பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையை மகள் விழுங்குகிறாளா, வழியில் எறிகிறாளா என்று கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

* வாரம் மூன்று நாளாவது கம்பு அல்லது கேழ்வரகு, முருங்கைக்கீரை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ, காபி வேண்டாம்.

* ஒரு நோட்டில் மகளின் விலக்குத் தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று குறித்து வையுங்கள். வைத்தியரிடம் வரும்போது கொண்டு வாருங்கள்.

* பதினாறு வயதில் உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். அவளுக்கு 18 ஆகும் வரை அந்தப் பேச்சே வேண்டாம். சட்டமும் அதுதான், அவள் எலும்பும் ரத்தமும் கேட்பதும் அதுதான்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு ராத்திரி மகளை முதலில் உட்கார வைத்துப் பரிமாறாதீர்கள். அவளோடு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் தட்டைப் பார்த்துத்தான் அவள் தன் தட்டை நிரப்புவாள்.